பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை (நாவல் விமர்சனம்)

பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை, பெருமாள்முருகன் எழுதிய நாவல். காலச்சுவடு பதிப்பகம் 2016 டிசம்பரில் வெளியிட்டது. ஓர் ஈற்றில் ஏழு குட்டி போடும் கறுப்பு வெள்ளாட்டின் வாழ்க்கையைச் சொல்லும் மிகுபுனைவு. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மேட்டுக்காட்டு வாழ்வை யதார்த்தமாக எழுதி அறியப்பட்ட ஒருவர் முதன்முறையாக முழுநீளக் கற்பனை உலகுக்குள் நுழைந்த படைப்பு இது. படிக்கச் சுகமான நாவல். ஆட்டைப் பற்றிய பகுதிகளில் தமிழில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவை குறைவு. ஆயினும் வாசித்து முடிக்கும்போது நாவல் கேட்கும் நம்பிக்கையை முழுவதுமாகக் கொடுக்க முடிவதில்லை. எந்த இடத்தில் அந்த நம்பிக்கை நின்றுபோகிறது என்பதைப் பார்ப்பது இந்நாவலைப் புரிந்துகொள்ள உதவும்.

பின்னணி

பெருமாள்முருகன் 1966-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே கூட்டப்பள்ளியில் பிறந்தவர். அப்போது அது சேலம் மாவட்டம். 1997-ல் நாமக்கல் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. ஏறுவெயில் (1991), நிழல்முற்றம் (1993), கூளமாதாரி (2000), கங்கணம் (2007), மாதொருபாகன் (2010), ஆளண்டாப் பட்சி (2012), பூக்குழி (2013) ஆகிய நாவல்கள் பூனாச்சிக்கு முன் வந்தவை. மாதொருபாகனின் தொடர்ச்சியாக ஆலவாயன், அர்த்தநாரி இரண்டும் 2014-ல் வந்தன. கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையும் அவர் தொகுத்திருக்கிறார்.

2014 டிசம்பர் இறுதியில் மாதொருபாகனுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம் தொடங்கியது. நூலின் பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்து அவர் எழுத்தை நிறுத்தினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு நாவலுக்கு எதிரான கோரிக்கைகளை ஏற்க மறுத்தது. அதன்பின் கோழையின் பாடல்கள் என்ற கவிதைத் தொகுதி வந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த பூனாச்சிதான் மீண்டு வந்த பின் அவர் வெளியிட்ட முதல் நாவல்.

இந்த வரலாறு நாவலுக்கு வெளியே நிற்பதல்ல. நூலின் முன்னுரையிலேயே ஆசிரியர் மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது, தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம் என்ற பொருளில் சொல்கிறார். அசுரர்களைப் பற்றி எழுதலாம். விலங்குகளிலும் மாட்டையும் பன்றியையும் எழுதக் கூடாது. மிஞ்சுவது ஆடு, அது தொந்தரவில்லாத பிராணி. கேலியும் கசப்பும் கலந்த இந்த முன்னுரையைப் படித்துவிட்டு நாவலுக்குள் போகும் வாசகர், ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மனிதரைத் தேடத் தொடங்கிவிடுகிறார். நாவலின் பலமும் பலவீனமும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கதை

பெயர் சொல்லப்படாத ஒரு கிழவனும் கிழவியும் மேட்டுக்காட்டில் சில ஆடுகளை வைத்துப் பிழைக்கிறார்கள். ஒருநாள் மாலை அசுரனைப் போன்ற உயரமுள்ள ஒரு மனிதன் வந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டைக்குட்டியைக் கிழவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். இது ஓர் ஈற்றில் ஏழு குட்டி போடும் என்கிறான். பூனையளவே இருக்கும் அதற்குக் கிழவி பூனாச்சி என்று பெயர் வைக்கிறாள். தாயில்லாத அந்தக் குட்டியை உயிரோடு காப்பாற்றுவதே முதல் பகுதியின் கதை. காட்டுப்பூனை வருகிறது. பால் கொடுக்க வேண்டிய ஆடு உதைத்துத் தள்ளுகிறது. அரசு அலுவலரிடம் கொண்டுபோய்க் காது குத்திப் பதிவு செய்ய வேண்டும், குட்டி எப்படி வந்தது என்று விளக்கம் சொல்ல வேண்டும். பின்பு மகள் ஊருக்குப் பயணம், வழியில் காடு, அங்கே பூவன் என்னும் கிடாயோடு நட்பும் காதலும், பிறகு விருப்பமில்லாத ஒரு கிழட்டுக் கிடாயிடம் சேர்க்கப்படுதல், ஏழு குட்டிகள். ஊர் திரண்டு வந்து பார்க்கிறது. குட்டிகள் விலைபோகின்றன, வீட்டுக்குக் கொஞ்சம் வசதி வருகிறது. பிறகு மழை பொய்க்கிறது. பஞ்சத்தில் ஆடும் ஆளும் ஒன்றாக வற்றுகிறார்கள்.

நாவலில் ஆடுகளுக்கெல்லாம் பெயர் உண்டு, கிழவனுக்கும் கிழவிக்கும் கிடையாது.

ஆடு வளர்ப்பவரின் கண்

இந்நாவலை ரசிக்க வைப்பது அற்புதமல்ல, ஆட்டைத் தெரிந்த கண். குட்டிக்குப் பால் எப்படிப் புகட்டுவது, எந்தத் தழையைக் கடிக்கும், எந்த வயதில் துள்ளும், மேயப் போன ஆடு கூட்டத்தை விட்டால் என்ன செய்யும், மழைக்கு முன் பட்டியில் என்ன ஓசை கேட்கும் என்பதையெல்லாம் பெருமாள்முருகன் தகவலாக அடுக்காமல் கதை நகர்வாகவே சொல்லிக்கொண்டு போகிறார். தன் குட்டிக்கு மட்டும் மடி கொடுத்து, வந்தேறிக் குட்டியை முகர்ந்து பார்த்து உதைக்கும் கள்ளி என்ற ஆட்டின் காட்சி சிறிய உதாரணம். தாய் தன் குட்டியை வாசனையால் அறிகிறது என்பது ஆடு வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அந்தச் சாதாரணச் சேதியிலிருந்து அனாதையின் முழு நிலைமையும் வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. குறியீடு தேட வேண்டிய தேவையே எழுவதில்லை.

கிடாக்குட்டிகளுக்குக் காயடிக்கும் பகுதியும் அப்படியே. கறிக்கு வளர்க்கும் கிடாய் கொழுக்க வேண்டும், முடை நாற்றம் வரக்கூடாது, பட்டியில் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஊரில் வழக்கமாகச் செய்யப்படுவது அது. நேற்றுவரை கூடத் துள்ளிய கிடாக்குட்டி இன்று ஏன் ஒதுங்கி நிற்கிறது என்று பூனாச்சிக்கு விளங்குவதில்லை. வன்முறை செய்தவர்மேல் கோபம் வரவும் நாவல் இடம் கொடுப்பதில்லை. கிழவனுக்கு அது பிழைப்பு. பூனாச்சியைத் தோளில் போட்டு வளர்க்கும் அதே கைகள்தான் அதைச் செய்கின்றன. வளர்ப்பும் அறுப்பும் ஒரே வீட்டில் நடப்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன தமிழ் நாவல்கள் அதிகம் இல்லை.

இந்த நிலப்பகுதியின் சொந்த வெள்ளாட்டினம் சேலம் கருப்பு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் வளர்க்கப்படுவது, நெடிய கால்களும் முழுக் கறுப்பு உடலும் கொண்டது. மேச்சேரி, மோர்பாளையம் போன்ற ஆட்டுச்சந்தைகளில் கறுப்பு ஆடு கண்ணுக்குப் பழகிய காட்சி. நாவலிலோ கறுப்பு ஆடு அரிதானது, சந்தேகத்துக்குரியது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆட்சிக்குப் பிடிக்காதது. அந்த வட்டாரத்து வாசகருக்கு இது தரும் அதிர்ச்சி வெளியூர் வாசகருக்குக் கிடைக்காது. ஊரில் மிகச் சாதாரணமான நிறம் ஓர் அரசின் பார்வையில் குற்றமாகிவிடுகிறது. மாயம் எதுவும் சேர்க்காமல், உள்ளதைச் சற்றே திருப்பி வைத்து உருவாக்கிய கற்பனை இது. நாவலின் சிறந்த கற்பனையும் இதுவே.

ஏழு குட்டி

வெள்ளாடு ஓர் ஈற்றில் ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று குட்டி போடும். சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். மடியில் காம்பு இரண்டு. இந்தக் கணக்கைத் தெரிந்தவர் ஏழு குட்டி என்றதும் வியப்பதற்கு முன் கவலைப்படுவார். பூனாச்சியில் அற்புதம் வெற்றி பெறுவது இந்தக் கவலையை நாவல் எடுத்துக்கொள்ளும்போதுதான். வரமாகத் தரப்பட்டது உடம்பில் சுமையாக இறங்குகிறது. பூனாச்சி சிறு உருவம், அதன் வயிற்றில் ஏழு உயிர். ஈன்று ஓயாத உடம்பின் களைப்பு, குட்டிகள் பிரிக்கப்பட்டு விற்கப்படும்போது வரும் வெறுமை, மறுபடியும் சினை என்று நாவல் சுற்றிச்சுற்றிச் சொல்கிறது. ஊருக்கு அது வேடிக்கை. வீட்டுக்கு அது வருமானம். பூனாச்சிக்கு அது என்ன என்று கேட்கும் இடத்தில் கற்பனை நாவலாக நிமிர்கிறது.

மாதொருபாகனோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். அங்கே காளி, பொன்னா தம்பதிக்குக் குழந்தை இல்லை. அந்த இல்லாமையை ஊர் ஒவ்வொரு சடங்கிலும் சொல்லிக் காட்டுகிறது. பொன்னாவின் உடல் ஊர்ப்பேச்சின் பொருளாகிறது. இங்கே நேர்மாறாக அளவுக்கு மீறிய ஈற்று. அதையும் ஊரே கூடி நின்று பார்க்கிறது. பெறாத உடலும் பெற்றுத் தீராத உடலும் ஒரே கூட்டத்தின் கண்ணுக்குக் கீழே நிற்கின்றன. நாவலாசிரியர் தன் பழைய கேள்வியை விட்டுவிடவில்லை. முகம் மாற்றிக்கொண்டு அதே கேள்விக்குத் திரும்பியிருக்கிறார். பூனாச்சியை வெறும் அரசியல் உருவகமாகச் சுருக்கிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் அற்புதத்துக்குக் கதையில் வேறு விளைவு இருக்கிறதா என்று கேட்டால் பதில் மெலிந்துபோகிறது. அந்த நெடிய மனிதன் யார், ஏன் இந்தக் கிழவனைத் தேர்ந்தான், வரம் எதற்கு என்ற கேள்விகளை நாவல் எழுப்புகிறது. விடை சொல்லியாக வேண்டும் என்பதில்லை; நாட்டார் கதைகள் சொல்வதில்லை. ஆனால் நாட்டார் கதையில் அற்புதம் ஒன்றைச் சாதிக்கும். கொங்கு நாட்டின் அண்ணன்மார் சாமி கதையில் பொன்னாச்சி என்ற சிறு பெண் நாய் உண்டு. பெரிய வீரர்களால் முடியாத கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை வீழ்த்த அந்தச் சின்ன உயிர்தான் வழி செய்கிறது. உடுக்கடிப் பாட்டுக் கேட்பவர்களுக்கு நாயின் அளவும் பன்றியின் அளவும் ஒருங்கே கண்ணில் நிற்கும். அந்த வேறுபாடே கதையை நகர்த்தும். பூனாச்சியும் அளவில் சின்னதாகப் பிறந்து அளவுக்கு மீறியதைச் செய்வதுதான். ஆனால் அதன் அற்புதம் எந்தக் கொம்பனையும் எதிர்கொள்வதில்லை. பஞ்சம் வரும்போது ஏழு குட்டி என்பது இரண்டு குட்டியைவிட வேகமாகத் தீனியைத் தீர்க்கும் எண்ணிக்கையாக மட்டும் ஆகிறது. அந்தக் கசப்பை ஆசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கலாம். அப்படியென்றால் முதல் அத்தியாயத்தின் நெடிய உருவமும் மர்மமும் கதைக்குத் தேவைக்கு மேற்பட்ட அலங்காரம்.

அரசும் வரிசையும்

காது குத்தப் பூனாச்சியைக் கொண்டுபோகும் அத்தியாயம் அதிகம் பேசப்பட்டது. நீண்ட வரிசை, வெயில், காத்திருப்பவர்களின் அடங்கிய பேச்சு, அரசுக்கு எங்கும் காது உண்டு என்ற பயம், அலுவலர்களின் அதட்டல், சான்று இல்லாத உயிர் இருக்கவே முடியாது என்ற தர்க்கம் எல்லாம் அதில் உண்டு. நாவல் வெளிவந்தது 2016 நவம்பர் 8-ன் பணமதிப்பிழப்பு அறிவிப்புக்கு அடுத்த மாதம். வங்கி வாசலில் ஊர் முழுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். ஆதார் சட்டமும் அதே ஆண்டு மார்ச்சில் நிறைவேறியிருந்தது. வாசகர்கள் இவற்றை இணைத்துக்கொண்டது இயல்பு. இன்று மாடு, எருமைகளின் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை தொங்குகிறது. பகடி முந்திக்கொண்டதா, நடப்பு முந்திக்கொண்டதா என்று சொல்வது கடினம்.

அந்த அத்தியாயம் தனியாகப் படிக்க மிக நன்றாக இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு. இப்படி ஒவ்வொரு குட்டியையும் எண்ணி வைத்திருக்கும் ஆட்சி, கதை நகர நகர ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஏழு குட்டி பிறந்த அதிசயத்தின்போது திரும்ப எட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. கிழவன் கிழவியின் வாழ்க்கையை முறிப்பது ஆட்சியல்ல, மழையின்மை. அப்படியானால் முதலில் எழுப்பிய பயம் எதற்கு? பயம் காட்டிய துப்பாக்கி சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணை (1945) இந்த விஷயத்தில் கறாரானது. அதில் ஆட்சி என்பது சூழலின் ஒரு பகுதியாக வந்து போவதில்லை, கதையே அதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சியும் விலங்குகளின் செயலாகவும் அரசியல் செயலாகவும் ஒருசேர நிற்கிறது. பூனாச்சி அவ்வளவு கறாரான உருவகமாக இருக்க விரும்பவில்லை, அது நல்லதே. ஆர்வெல்லின் விலங்குகள் மேய்வதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, பூனாச்சி மேய்வது நினைவில் நிற்கிறது. ஆனால் உருவகம் வேண்டாம் என்றால் முழுக்க விட்டிருக்கலாம். ஆடு மேய்த்தது போலவும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆச்சு என்பார்கள். இங்கே ஆடு மேய்த்தது நன்றாக நடந்திருக்கிறது. பெண் பார்த்த வேலைதான் பாதியில் நிற்கிறது.

வரிசையில் நிற்பவர்களின் உரையாடலிலும் அந்தப் பாதித்தன்மை தெரியும். கிழவனும் கிழவியும் பேசிக்கொள்ளும்போது வரும் மேட்டுக்காட்டுப் பேச்சின் நெளிவு வரிசைப் பேச்சில் குறைந்து, ஒவ்வொரு வாக்கியமும் வெளியே இருக்கும் வாசகரைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது. புதுமைப்பித்தனின் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையில் கடவுளே சென்னைக்கு வந்த பிறகும் கந்தசாமிப் பிள்ளை தன் பத்திரிகைச் சந்தாவை மறப்பதில்லை. அந்த மறக்காமைதான் அங்கே கடவுளை நம்ப வைக்கிறது. பூனாச்சியின் வரிசை மனிதர்களுக்கும் அப்படி ஒரு சொந்தக் கவலை இருந்திருந்தால், அரசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அரசு தெரிந்திருக்கும்.

காணாமல் போனது

பெருமாள்முருகனின் யதார்த்த நாவல்களில் சாதி பின்னணியாக இருப்பதில்லை, மண்ணைப் போலக் காலடியில் இருக்கும். கூளமாதாரி இதற்குச் சரியான ஒப்பீடு, ஏனெனில் அதுவும் ஆடு மேய்க்கும் கதைதான். கவுண்டர் வீட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் கூளையன், அவனைப் போலவே பிற வீடுகளில் ஆள்காரர்களாக இருக்கும் சிறுவர் சிறுமியர், பண்ணையக்காரர் மகன் செல்வன். காட்டில் எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஆனால் ஆடு ஒன்று காணாமல் போனால் அடி யாருக்கு விழும் என்பதில் ஐயம் இல்லை. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யார் எங்கே நின்று சோறு வாங்குகிறார்கள் என்பதிலேயே முழு ஊரும் வரையப்பட்டுவிடுகிறது. அந்நாவல் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியாகி, 2005-ல் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

பூனாச்சியில் அசுரர் உலகத்தில் சாதி இல்லை. மேய்ச்சல் நிலம் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. கிழவனுக்குப் பெயர் இல்லாதது போலவே அவனுக்கு ஊரில் இடமும் இல்லை; ஏழை, வயதானவன், ஆட்டுக்காரன், அவ்வளவே. கறுப்பு நிறத்தின் மீதான சந்தேகத்தைச் சாதியாகவும் நிறவெறியாகவும் படிக்கலாம், பலர் அப்படிப் படித்திருக்கிறார்கள். ஆனால் அது வாசகர் கொண்டுவந்து சேர்ப்பது. கூளமாதாரியில் வாசகர் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, தப்பிக்கவும் வழியில்லை. உருவகம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று பாராட்டப்படுகிறது. எல்லா நாட்டுக்கும் பொருந்துவதால்தான் எந்த ஊரையும் அது சங்கடப்படுத்துவதில்லை.

இதை ஆசிரியரின் குறையாக மட்டும் எழுதிவிட முடியாது. ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் கோயில் பெயரும் எழுதியதற்காக ஒருவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்திருக்கிறது. பெயர்களை உதறியது கலைத்தேர்வு மட்டுமல்ல. முன்னுரை அதை மறைக்கவும் இல்லை. ஆகவே பூனாச்சியை மதிப்பிடும்போது இரண்டு தவறுகள் எளிதில் நேரும். ஒன்று, 2015-ஐ மறந்துவிட்டு, ஏன் முன்போல எழுதவில்லை என்று கேட்பது. மற்றது, 2015-ஐ மட்டும் நினைத்துக்கொண்டு, எழுத வந்ததே போதும் என்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது. நூல் வெளிவந்த காலத்து வரவேற்பில் இரண்டாவது மனநிலை அதிகம். அது எழுத்தாளரிடம் காட்டிய அன்பு. நாவலின் பக்கங்களை வாசித்ததற்கான அடையாளம் அதில் குறைவு. சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு கல்லூரி மாணவர் இன்று கூளமாதாரியையும் பூனாச்சியையும் அடுத்தடுத்துப் படித்தால், இரண்டுக்கும் இடையில் என்ன பறிபோயிற்று என்பது எந்தக் கட்டுரையும் சொல்லாமலே விளங்கும்.

பூவன்

காதல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகள் ஊருக்குப் போகும் பயணமும் வழியில் காட்டைக் காண்பதும் நாவலின் அழகான பக்கங்கள். கயிறும் பட்டியும் தெரிந்த ஆட்டுக்கு வேலியில்லாத வெளி என்னவாக இருக்கும் என்பதை ஆட்டின் மூக்கு வழியாகவே எழுதுகிறார். ஆனால் பூவனைச் சந்தித்ததும் பூனாச்சியின் மனம் மனிதப் பெண்ணின் மனமாகிவிடுகிறது. நாணம், ஏக்கம், நினைவு, பிரிவு எல்லாம் தமிழ்த் திரைப்படத்தில் பழகிய வரிசையில் வருகின்றன. அதுவரை ஆடாக இருந்ததனால்தான் பூனாச்சி வாசகரை நெருங்கியது. மனுஷியாகும் கணத்தில் விலகிப்போகிறது. பிறகு கிழட்டுக் கிடாயிடம் வலுக்கட்டாயமாகச் சேர்க்கும் காட்சியில் மீண்டும் ஆட்டின் உடல் திரும்புகிறது. அந்தக் காட்சி படிக்கக் கடினமானது, உண்மையானது.

பஞ்சம்

கடைசிப் பகுதியில் நாவல் தன் சொந்த நிலத்துக்குத் திரும்புகிறது. கிணறு வற்றுவது, தழை கிடைக்காதது, ஒவ்வொரு ஆடாக விற்பதா அறுப்பதா என்று கணக்குப் போடுவது, விற்க வேண்டிய நேரத்தில் வாங்க ஆள் இல்லாதது என எல்லாம் மேட்டுக்காட்டு மக்களின் நினைவில் இருக்கும் பஞ்சம். காவிரி ஓடும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் வாழையும் கரும்பும் விளைய, சில மைல் தள்ளி மானாவாரிக் காட்டில் சோளத்தட்டுக்கு அலையும் நிலைமை இந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. கிழவனும் கிழவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு, பிறகு அதற்கும் தெம்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பக்கங்களில் அசுரர் உலகம் என்ற திரை தானாகவே விலகிவிடுகிறது. டோல்கீன் தேவதைக் கதைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், கற்பனை உலகுக்குள் நுழைந்தவர் அதன் விதிகளை நம்ப வேண்டும், சந்தேகம் எழுந்த கணமே மந்திரம் உடைந்துவிடும் என்று வாதிடுகிறார். பூனாச்சியில் நடப்பது விசித்திரமானது. மந்திரம் உடையும்போது அங்கே வெறுமை இல்லை, பெருமாள்முருகனுக்கு நன்றாகத் தெரிந்த காடு இருக்கிறது. அதனால் வாசகர் ஏமாற்றமடைவதில்லை. ஆனால் அந்தக் காட்டைப் பார்க்க இத்தனை தூரம் சுற்றி வந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது.

மொழிபெயர்ப்பும் வரவேற்பும்

என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-ல் வெளிவந்தது. அந்த ஆண்டில் தொடங்கப்பட்ட ஜேசிபி இலக்கியப் பரிசின் முதல் இறுதிப் பட்டியலில் நாவல் இடம்பெற்றது. அமெரிக்கப் பதிப்பு 2020-ல் அந்நாட்டின் தேசியப் புத்தக விருதின் மொழிபெயர்ப்புப் பிரிவில் நெடும்பட்டியலில் வந்தது. பின்பு 2023-ல் ஜேசிபி பரிசு பெருமாள்முருகனுக்கே கிடைத்தது. அது ஆளண்டாப் பட்சியின் மொழிபெயர்ப்புக்காக. நிலம் தேடிக் குடிபெயரும் குடும்பத்தின் யதார்த்தக் கதை அது. அதில் ஏழு குட்டி போடும் ஆடு எதுவும் இல்லை.

பெருமாள்முருகனை முதலில் படிப்பவர்களுக்குப் பூனாச்சி அளவிலும் நடையிலும் எளிய வாசல். சிறுவர்களுக்கு வாசித்துக் காட்டத்தக்க பக்கங்கள் முதல் பகுதியில் நிறைய உண்டு. பாடத்திட்டத்துக்காகப் படிக்கும் மாணவர்கள் குறியீடுகளின் பட்டியல் தயாரிப்பதை விட்டு, கள்ளி குட்டியை உதைக்கும் காட்சி, காயடிக்கும் காட்சி, பஞ்சத்தின் கடைசி அத்தியாயங்கள் ஆகியவற்றை முதலில் ஊன்றிப் படிக்கலாம். அதன் பிறகு கூளமாதாரி.